மடக்கை வரைபடங்களில் அச்சுக் குறிகளைச் சீராக்கல்

மடக்கை வரைபடம் என்பது ஓர் அச்சிலோ இரண்டு அச்சுகளிலுமோ மடக்கை அளவுகோலைக் கொண்ட வரைபடம் ஆகும். இதில் சமதூரம் சம விகிதத்தைக் குறிக்கும். 1-இலிருந்து 10 வரை உள்ள தூரமும் 10-இலிருந்து 100 வரை உள்ள தூரமும் ஒன்றே. அச்சில் 1, 10, 100 எனப் பத்தின் அடுக்குகளில் நிற்கும் கோடுகள் முதன்மைக் குறிகள் எனவும், இடையே 2 முதல் 9 வரையிலான மடங்குகளில் நிற்பவை துணைக் குறிகள் எனவும் அழைக்கப்படுகின்றன. 2-இன் மடக்கை 0.301, 5-இன் மடக்கை 0.699. எனவே துணைக் குறிகள் தொடக்கத்தில் அகன்றும் முடிவில் நெருங்கியும் இருக்கும்.

கல்லூரி ஆய்வகங்களில் பயன்படும் அரைமடக்கைத் தாளில் இந்தக் கோடுகள் முன்பே அச்சாகி இருப்பதால் எவரும் அவற்றைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. கணினியில் வரையும்போதுதான் அவை மறைகின்றன, அல்லது படிக்க முடியாத வடிவில் வருகின்றன.

சேர்வராயன் மலைப் பாறைகள்: ஓர் எடுத்துக்காட்டு

சேலம் மாவட்டத்தில் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட்டு என்னும் பாறையால் ஆனது. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு, 1893-இல் இப்பாறைக்கு அப்பெயரை இட்டார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலமேலோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கு உள்ளான இம்மலைப் பாறைகளில் ருபீடியம் மிகவும் குறைந்துள்ளது. உருகிய பாறைக்குழம்பு வெளியேறியபோது அது போனதா, ஆழத்தில் ஊடுருவிய பாய்மங்கள் அதைக் கொண்டு சென்றனவா என்பதில் நிலவியலாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

இதைக் காட்டும் வழக்கமான படம், கிடை அச்சில் ருபீடியமும் நிலை அச்சில் பொட்டாசியமும் கொண்ட இரட்டை மடக்கை வரைபடம். பொட்டாசியம்–ருபீடியம் விகிதம் சாதாரண மேலோட்டுப் பாறையில் ஏறத்தாழ 250. சேர்வராயன் பாறைகள் சிலவற்றில் இது 1000-ஐத் தாண்டுகிறது. ஒரே விகிதம் உள்ள பாறைகள் எல்லாம் இப்படத்தில் ஒரு சாய்ந்த நேர்கோட்டில் அமையும். 250-இன் கோடும் 1000-இன் கோடும் இணையாக ஓடும்.

பொட்டாசியம் 1 விழுக்காடு, அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு உள்ள ஒரு பாறையைக் கொள்க. அதன் புள்ளி ருபீடிய அச்சில் 10-க்கும் 100-க்கும் சரிநடுவில் விழுகிறது. துணைக் குறிகள் இல்லாத படத்தில் மாணவர் அதை 55 என்று படிப்பார். விகிதம் 182 என வரும். உண்மையில் அந்த இடம் 31.6, விகிதம் 316. சராசரியைவிட ருபீடியம் குறைந்த பாறை, சராசரியைவிட மிகுந்த பாறையாக மாறிவிட்டது. அளந்ததில் பிழை இல்லை. சில சிறு கோடுகள் இல்லாததுதான் காரணம்.

மேட்பிளாட்லிப்பில் வரும் சிக்கல்கள்

தமிழ்நாட்டு 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைதான் மொழியின் மேட்பிளாட்லிப் நூலகத்தைக் கோட்டு, பட்டை, வட்ட விளக்கப்படங்கள் வழியாக அறிமுகம் செய்கிறது. மடக்கை அச்சுக்கு மாறும் மாணவர் முதலில் இடறுவது ‘டிக் பாரம்ஸ்’ கட்டளையில். குறிகளின் நீளம், தடிமன், நிறம் ஆகியவற்றை மாற்றும் இக்கட்டளை, வேறு எதுவும் சொல்லாவிட்டால் முதன்மைக் குறிகளை மட்டுமே மாற்றும். ‘விச்’ என்னும் அளபுருவுக்கு ‘போத்’ என மதிப்பளித்தால்தான் துணைக் குறிகளும் மாறும். இரண்டுக்கும் வேறுவேறு நீளம் வேண்டுமெனில் ‘மேஜர்’, ‘மைனர்’ எனக் கட்டளையை இரு முறை தருவதே நல்லது. இயல்பு நீளம் முதன்மைக்கு 3.5 புள்ளி, துணைக்கு 2 புள்ளி. திரையில் இது போதும். சிறிதாக்கி அச்சிட்டு நகலெடுத்தால் துணைக் குறிகள் காணாமற் போகும். 6, 3 என வைப்பது பாதுகாப்பானது.

அடுத்தது வரிசை. குறிகளின் இடத்தையும் எண் வடிவத்தையும் அமைத்துவிட்டு, அதன்பின் அச்சை மடக்கைக்கு மாற்றினால் அந்த அமைப்புகள் அழிந்து, மடக்கைக்கு உரிய இயல்பு அமைப்புகள் வந்துவிடும். நீளமும் நிறமும் அப்படியே இருப்பதால் காரணம் எளிதில் புலப்படாது. அளவுகோலை முதலில் மாற்றிய பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும்.

அச்சின் வீச்சு ஒரு பத்தடுக்குக்கும் குறைவாக இருக்கும்போது வேறொரு தொல்லை எழுகிறது. பொட்டாசிய அச்சை 0.6 முதல் 4 விழுக்காடு வரை வைத்தால் மென்பொருள் துணைக் குறிகளுக்கும் எண் எழுதும்: 6×10⁻¹, 2×10⁰, 3×10⁰ என்று. தவறில்லை, ஆனால் யாரும் அப்படி எண்ணுவதில்லை. 0.6, 1, 2, 4 என்னும் இடங்களைக் கையால் கொடுத்து, ‘ஸ்கேலர் ஃபார்மேட்டர்’ மூலம் சாதாரண எண்களாக எழுதச் செய்யலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் பழைய துணை எண்கள் புதியவற்றின் மேல் ஏறி நிற்கும். துணைக் குறிகளுக்கு ‘நல் ஃபார்மேட்டர்’ கொடுத்து எண்களை நீக்க வேண்டும். கோடுகள் மட்டும் எஞ்சும்.

வீச்சு மிகப் பெரிதானால் நேர்மாறு. பத்துக்கு மேற்பட்ட அடுக்குகள் வந்தால் முதன்மைக் குறிகள் ஒன்றுவிட்டு ஒன்றாகித் துணைக் குறிகள் முற்றிலும் மறையக்கூடும். ‘லாக் லொகேட்டரில்’ குறிகளின் உச்ச எண்ணிக்கையை 999 போன்ற பெரிய எண்ணாக வைத்தால் அவை திரும்பும். துணைக் குறிகளுக்கான லொகேட்டரில் 2 முதல் 9 வரையிலான மடங்குகளையும் குறிப்பிட வேண்டும்.

தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்துவோருக்குத் தனியாக ஒன்று: 10² போன்ற அடுக்குகளை மேட்பிளாட்லிப் கணித எழுத்துக்கான தனி எழுத்துருவில் வரைகிறது. ஆகவே அச்சின் பெயர் ஓர் எழுத்துருவிலும் எண்கள் வேறொன்றிலும் நிற்கும். ‘மேத்டெக்ஸ்ட்’ அமைப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

க்னூபிளாட்டில்

க்னூபிளாட் மென்பொருளில் வேலை குறைவு. கிடை அச்சை ‘செட் லாக்ஸ்கேல்’ கட்டளையால் மாற்றி, ‘செட் எம்எக்ஸ்டிக்ஸ் 10’ என்றால் 2 முதல் 9 வரையிலான எட்டுத் துணைக் குறிகளும் வரும். ‘செட் டிக்ஸ் ஸ்கேல்’ கட்டளையில் முதல் எண் முதன்மைக் குறியின் நீளம், இரண்டாவது துணைக் குறியின் நீளம்.

குறிகளைச் சீராக்குவது எந்த மென்பொருளிலும் சுழியத்துக்கு இடம் தராது. சுழியத்துக்கு மடக்கை இல்லை. ருபீடியம் கருவியின் கண்டறி எல்லைக்குக் கீழே இருந்த மாதிரியைச் சுழியம் என்று பதிந்தால் அது படத்தில் தோன்றாமலே போகும். அத்தகைய மாதிரியை எல்லை மதிப்பில் இடப்பக்கம் நோக்கிய அம்புக்குறியாகக் காட்டுவது வழக்கம்.