பிள்ளைகள் இருக்க வாடகை வீடா?

‘வாடகை வீடு’ என்று சொல்லும்போது நம்மவர்கள் பலருக்குக் குரல் தாழ்ந்துவிடும். சொந்த வீடு வைத்திருப்போர் பெரும்பாலானோராக இருக்கும் சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஓரறை, ஈரறை வாடகை வீட்டுக்கு விண்ணப்பிப்பது தோற்றுப்போனதற்குச் சமம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அதிலும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு தாய் விண்ணப்பித்தால், கேள்வி அவரை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் மேல் பாயும். “மூணு பிள்ளைங்க இருந்துமா?”

2023ஆம் ஆண்டில் என் அம்மா விண்ணப்பித்தபோது அந்தக் கேள்வியை நாங்கள் உறவினர்களிடமிருந்தும் கேட்டோம், விதிமுறையிலும் படித்தோம். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கணக்கு எங்கே இடித்தது?

அப்பா நீண்ட நாள் நோயில் கிடந்து காலமானார். கடனை அடைக்க 2018ல் வீட்டை விற்றோம். அண்ணனிடம் சில காலம், என்னிடம் ஓராண்டு என்று இருந்த அம்மா, பிறகு ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினார். மாதம் 550 வெள்ளி. சமைக்கக் கூடாது, இரவு பத்து மணிக்குமேல் துணி துவைக்கக் கூடாது. காப்பிக் கடையில் பகுதி நேரமாகத் தட்டு எடுத்து அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 600 வெள்ளி. மற்ற செலவுகளை அண்ணனும் நானும் பகிர்ந்துகொண்டோம்.

தீவு முழுவதும் வாடகை ஏறிய அந்த நேரத்தில், அறை வாடகையை 700 வெள்ளியாக உயர்த்தப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். ஒரு மாதச் சம்பளத்தைவிட அறை வாடகை கூடுதல்! அப்போதுதான் அம்மாவே வாயைத் திறந்தார். “கவர்மெண்ட் வாடகை வீட்டுக்குக் கேட்டுப் பாரும்மா. நானே சமைச்சு நானே சாப்பிட்டா போதும்.”

யார் விண்ணப்பிக்கலாம்?

விண்ணப்பதாரர் 21 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். குடும்பமாக விண்ணப்பிக்கலாம். கணவனையோ மனைவியையோ இழந்தவர்களும், 35 வயது நிரம்பிய மணமாகாதவர்களும் மணவிலக்குப் பெற்றவர்களும், கூட்டு ஒற்றையர் திட்டத்தின்கீழ் இன்னொருவருடன் சேர்ந்து விண்ணப்பிக்கலாம்.

குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 1,500 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்பது நாங்கள் விண்ணப்பித்தபோது இருந்த வரம்பு. இருவர் சேர்ந்து விண்ணப்பித்தால் இருவரின் வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். வரம்பைச் சற்றுத் தாண்டியவர்கள் தாங்களாகவே பின்வாங்க வேண்டியதில்லை. குடும்பத்தின் நிலையைப் பொறுத்து நீக்குப்போக்கு காட்டப்படுவதுண்டு.

அண்மையில் வீட்டை விற்றவர்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. விற்று 30 மாதங்கள் கடந்திருக்க வேண்டும். கையில் காசு இருக்கும்போதே வாடகை வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அம்மா வீட்டை விற்று ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டதால் இது எங்களுக்குத் தடையாகவில்லை.

வாடகை வருமானத்தைப் பொறுத்தது. முன்பு வீட்டுச் சலுகை எதையும் பெறாதவர்களுக்குக் குறைவு, பெற்றவர்களுக்குச் சற்று கூடுதல். ஓரறை வீட்டுக்கு மாதம் 26 வெள்ளி முதல் 205 வெள்ளி வரை, ஈரறை வீட்டுக்கு 44 வெள்ளி முதல் 275 வெள்ளி வரை என்று அப்போதைய பட்டியல் இருந்தது.

அண்ணனின் சம்பளச் சீட்டு

எங்களைத் தடுக்கி விழவைக்கப் பார்த்தது வேறொரு விதி. பெற்றோருக்கு இடமளிக்கவோ அவர்களின் வீட்டுச் செலவைத் தாங்கவோ பிள்ளைகளால் முடியுமா என்றும் பார்க்கப்படும். அதாவது, அம்மாவின் விண்ணப்பத்துக்குப் பிள்ளைகளின் வருமான விவரமும் வீட்டு நிலவரமும் தேவை.

அண்ணன் முதலில் மறுத்துவிட்டார். பணத்தை மறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. “எங்கம்மாவ என்னால வச்சுக்க முடியலன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணுமா?” என்றார். இரண்டு வாரம் என்னுடன் பேசவில்லை. உறவுக்கார மாமி ஒருவர் தொலைபேசியில் என்னைக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “ஊரு என்ன சொல்லும்?”

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995ல் நிறைவேறிய நாடு இது. வயதான பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும் என்பது இங்கே சட்டமும்கூட. குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் வாடகை வீடுகள் போக்கிடமே இல்லாதவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால், மூவறை வீட்டில் எத்தனை பேர் படுக்க முடியும் என்பதும் கணக்குத்தானே? அண்ணன் வீட்டில் படுக்கையறை இரண்டு, ஆட்கள் ஏழு பேர். அண்ணியின் பெற்றோரும் அங்கேதான். என் வீட்டில் வளர்ந்த மகனும் மகளும். அம்மா இருந்த ஓராண்டும் வரவேற்பறையில் மெத்தை விரித்து, விடியற்காலையில் சுருட்டி வைத்தார். தங்கை ஜோகூரில் வாழ்க்கைப்பட்டவள்.

இதைத் தீர்த்துவைத்தவர் ஒரு சமூக ஊழியர். எங்கள் மூவரையும் உட்காரவைத்து, “முடியவில்லை என்று எழுதாதீர்கள். என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்று இரண்டையும் எழுதுங்கள்,” என்றார். அப்படியே எழுதினோம்: வீட்டில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு வருமானம், அம்மாவுக்கு ஒவ்வொருவரும் எவ்வளவு தருகிறோம், மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்கிறோம். மறுநாளே அண்ணன் சம்பளச் சீட்டை அனுப்பிவிட்டார்.

ஒரே அறையில் இருவர்

அடுத்தது, உடன் தங்க யார்? காப்பிக் கடையில் அம்மாவுடன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, திருமணமாகாத ஒரு பெரியம்மா முன்வந்தார். எல்லாருக்கும் இப்படித் தெரிந்தவர் அமைவதில்லை. அதனால், 2021 இறுதியில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில், துணை தேடாமலே ஒருவர் விண்ணப்பிக்க, திட்டத்தை நடத்தும் சமூக அமைப்பு பொருத்தமானவரைச் சேர்த்துவைக்கிறது. புக்கிட் பாத்தோக்கில் முன்னாள் மாணவர் விடுதி ஒன்றை மாற்றி, ஆளுக்கு ஓர் அறை, பொதுச் சமையலறை என்ற ஏற்பாட்டையும் முயன்றிருக்கிறார்கள்.

சில மாதக் காத்திருப்புக்குப் பிறகு சாவி கிடைத்தது. ஓரறை வீட்டில் தனிப் படுக்கையறை கிடையாது. இரண்டு கட்டில், நடுவே ஒரு திரை. வாடகை நூறு வெள்ளிக்குச் சற்று மேல், அதிலும் இருவர் பங்கு.

சண்டை வராமல் இல்லை. பெரியம்மா சைவம். அம்மாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. முதல் மாதமே முகம் திருப்பல். கடைசியில் அடுப்பையும் பாத்திரத்தையும் பிரித்தார்கள். வெள்ளிக்கிழமை மீன் இல்லை, மற்ற நாளில் காலை பத்து மணிக்குள் சமைத்து முடிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். தொலைக்காட்சிக்கும் அப்படியே: எட்டு மணி நாடகம் பெரியம்மாவுக்கு, அதற்குப் பின் அம்மாவுக்கு. சேர்ந்து விண்ணப்பிப்போர் இவற்றைச் சாவி வாங்கும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. ஒருவர் வெளியேறினால் மற்றவர் வேறு துணை தேட வேண்டிவரும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை

வாடகை ஒப்பந்தம் பொதுவாக ஈராண்டுக்கு. புதுப்பிக்கும்போது வருமானத்தை மறுபடி பார்ப்பார்கள். கூடினால் வாடகையும் கூடலாம். “கூடுதல் நேர வேலைக்கு ஒத்துக்கிட்டா வாடகை ஏறிடுமா?” என்று அம்மாவின் பக்கத்து வீட்டுப் பெண் என்னைக் கேட்டார். இரு குழந்தைகளைத் தனியாக வளர்ப்பவர். ஏறலாம்தான். ஆனாலும் கூடுதல் சம்பளத்தால் மத்திய சேம நிதியில் சேர்வதுதான், பின்னாளில் அவர் சொந்த வீடு வாங்கக் கைகொடுக்கும். முன்பு வீடு வாங்கி விற்று, இப்போது பிள்ளைகளுடன் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்கள் மீண்டும் வாங்க, 2016 முதல் ‘ஃபிரெஷ் ஸ்டார்ட்’ என்ற திட்டமும் இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன்

அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் அல்லது மணவிலக்கு ஆவணம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, மத்திய சேம நிதிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் போடுங்கள். வேலை இல்லாவிட்டால் ஏன் இல்லை என்பதற்கான மருத்துவர் கடிதம் போன்றவற்றையும் சேர்த்துவிடுங்கள். சிங்பாஸ் வழியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அது கைவராத மூத்தோர் வீவக கிளைக்குப் போகலாம்.

வீடு கிடைக்கும்வரை செலவுக்குத் திண்டாடினால் அருகிலுள்ள சமூக சேவை அலுவலகத்தை நாடுங்கள். காம்கேர் உதவிக்கான தொலைபேசி எண் 1800-222-0000. வீட்டு விண்ணப்பமும் காம்கேர் உதவியும் வேறுவேறு. ஒன்றுக்குக் காத்திருக்கும்போதே மற்றொன்றைக் கேட்கலாம்.

அம்மாவுக்கு நாங்கள் மாதாமாதம் தந்துகொண்டிருந்த பணம் இப்போது வாடகைக்குப் போவதில்லை. அதில் பாதியை மருந்துக்கும் மீதியைப் பேரப்பிள்ளைகளுக்கும் செலவழிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் குடும்பம் ஏழு பேரும் அந்த ஓரறை வீட்டுக்குத்தான் சாப்பிடப் போகிறார்கள். உட்கார இடம் போதாமல், பிள்ளைகள் தாழ்வாரத்தில் தட்டோடு நிற்பார்கள். மாமியும் போன மாதம் வந்திருந்தார். அவர் இரண்டாம் முறை கேட்டது மீன் குழம்பைத்தான்.