விகாரைச் சுவரும் விளாம்பிசினும்
மஞ்சுசிறியின் சித்திரப் பிரதிகளை முன்வைத்து ஒரு நோக்கு

ஈழத்து ஓவிய மரபு பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஓவியத்தின் பொருளையே ஆராய்வர். சுவரிலுள்ளது எந்தச் சாதகக் கதை, எந்த மன்னன் காலத்தது என்பன அவர்தம் வினாக்கள். அவ்வோவியம் எதனால் ஆக்கப்பட்டது, எவர் கைகளால் ஆக்கப்பட்டது என்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களை எழுப்பும்போது, ‘சிங்கள பௌத்த ஓவியம்’ என்று நாம் ஒதுக்கிவிடும் மரபு நமக்கு அத்துணை அந்நியமானதன்று என்பது புலனாகும். எல். ரி. பி. மஞ்சுசிறியின் பணியைத் துணைக்கொண்டும், புத்தளம் மாவட்டத்தின் தமிழ்க் கரையோரக் கிராமமாகிய உடப்பை நோக்குநிலையாகக் கொண்டும் இதனை விளக்க முற்படுகிறோம்.

மஞ்சுசிறி 1902 இல் அளுத்கமையிற் பிறந்தவர். இளமையிலேயே பௌத்த துறவியானவர். 1932 இல் சீன மொழி கற்பதற்காகச் சாந்திநிகேதனம் சென்ற அவர், அங்கு நந்தலால் போஸின் தொடர்பால் ஓவியத்தின்பால் ஈர்க்கப்பட்டார். நாடு திரும்பியபின் விகாரை விகாரையாகச் சென்று சுவரோவியங்களைப் பிரதி செய்யலானார். 1943 இல் ஜோர்ஜ் கீற், லயனல் வென்ட், ஐவன் பீரிஸ் முதலியோருடன் ‘43 குழு’வின் தோற்றத்திற் பங்குகொண்டார். பிற்காலத்தில் துறவு நீங்கி இல்லறத்தானாயினும் பிரதி செய்யும் பணியைக் கைவிட்டாரல்லர். அவர் திரட்டிய அலங்கார வடிவங்கள் 1977 இல் நூலாயின. 1979 இல் மக்சைசாய் விருது பெற்ற அவர், 1982 இற் காலமானார்.

பிரதி செய்தல் படைப்பாற்றலற்ற வேலை என்று கருதுவாருளர். அக்கருத்துப் பொருந்தாது. அக்காலத்துக் கருப்பு வெள்ளை நிழற்படம் சுவரின் வண்ணத்தைக் காட்டவல்லதன்று. உதிர்ந்த காரையையும் ஓவியனின் கோட்டையும் அது ஒரே நிலையிற் பதிவு செய்தது. பிரதி செய்பவனோ, எது கோடு, எது வெடிப்பு, எது பிற்காலப் பூச்சு என்று ஒவ்வோர் அங்குலத்திலும் தீர்மானித்தாக வேண்டும். பழைய சித்திரகாரனின் கை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதைத் தன் கையாலேயே அறிகிறான். ஆகவே மஞ்சுசிறியின் பிரதிகளை ஒருவகை ஆய்வுரைகள் எனலாம்.

அச்சித்திரகாரனின் தொழில்முறை யாது? இதனை முதன்முதலில் விரிவாக எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. மண்ணியலாளராகப் பயின்று இந்நாட்டின் கனிப்பொருள் அளவையை நடத்திய அவர், மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908 இல் வெளியிட்ட பெருநூலில் சித்திரகாரரின் மூலப்பொருள்களையும் பதிவு செய்தார். கல்லையும் மண்ணையும் அறிந்த கண், கலையையும் வேலையாகக் கண்டது.

கண்டிக்கால ஓவியன் ஈரச்சுண்ணத்தின்மீது வரையவில்லை. உலர்ந்த தளத்தின்மீதே வரைந்தான். மண் காரை பூசிய சுவரில், சிங்களத்தில் ‘மக்குல்’ எனப்படும் வெண்களியை மெல்லிய படையாகப் பூசினான். அத்தளத்தில் உருவங்களைக் கோட்டினால் வகுத்துக்கொண்டான். பின்னர் பின்னணியைப் பெரும்பாலும் செந்நிறத்தால் நிரப்பி, உருவங்களுக்கு ஒவ்வொரு தட்டையான வண்ணம் இட்டான். ஒளி நிழல் வேறுபாடு காட்டவில்லை. இறுதியாக எல்லைக் கோடுகளைத் தீட்டி முடித்தான். கோட்டிலே தொடங்கிக் கோட்டிலே முடியும் இம்முறையினாலேயே அவ்வோவியங்களைக் கோட்டுச் சித்திரமாகப் பிரித்தெடுக்க மஞ்சுசிறிக்கு இயன்றது.

வண்ணங்களை நோக்குவோம். வெண்மைக்கு மக்குல் மண். செம்மைக்குக் காவிக்கல்லும், இரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கமும். மஞ்சளுக்கு அரிதாரமும், கொறுக்காய் இனத்து மரமொன்றின் பிசினும். நீலத்துக்கு அவுரி, அதனுடன் மஞ்சள் சேரப் பச்சை. பலாப்பால், குங்கிலியம், எண்ணெய் ஆகியவற்றைத் துணியுடன் எரித்துத் திரட்டிய புகைக்கரி கருமை தந்தது. இவற்றைச் சுவரோடு பிணைத்தது விளாமரத்துப் பிசின். நுண்ணிய கோட்டுக்கு அணில் மயிரும் ஒருவகைப் புல்லின் கூரும் தூரிகையாயின. அகன்ற பரப்புக்குத் தாழையின் விழுதை நசுக்கி நாராக்கிக் கொண்டனர்.

இப்பட்டியலை உடப்பிலிருந்து வாசித்துப் பார்த்தல் தகும். கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான அந்நிலத்தில் கரைவலை இழுத்து வாழும் மக்களுக்குத் தாழையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புத்தளத்தின் வறண்ட நிலத்தில் விளாமரம் இயல்பாக வளர்வது. சாதிலிங்கமும் அரிதாரமும் தமிழ் வைத்தியரின் மருந்துப் பெயர்கள். கூத்தாடுவோர் முகப்பூச்சை ‘அரிதாரம்’ என்றே குறிப்பது அம்மஞ்சட் கல்லின் நினைவே. சிங்களச் சித்திரகாரனும் சாதிலிங்கத்தைச் சாதிலிங்கம் என்றே வழங்கினான். அவுரியை ‘நில் அவரி’ என்றான். மதத்தாலும் மொழியாலும் பிரிந்து நிற்பவை, வண்ணம் அரைக்கும் கல்லில் ஒன்றுசேர்கின்றன.

இதற்கு வரலாற்று அடிப்படை உண்டு. கண்டிச் சுவரோவியத்தின் பெருமலர்ச்சி, நாயக்கர் வழிவந்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747–1782) ஆட்சியில் நிகழ்ந்தது; தெகல்தொறுவைக் குகை விகாரை அக்காலத்தது. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழக்குமுன், கண்டி அரசு இந்தியக் கரையோடு தொடர்புகொண்ட துறைகளுள் புத்தளமும் ஒன்றாயிருந்தது. இரசக் கனியம் இந்நாட்டில் அகழப்படுவதன்று. எத்துறை வழியாக வந்ததாயினும், கரையோர மக்களின் கைகளைக் கடந்தே அது மலைநாட்டுச் சுவரை அடைந்திருத்தல் வேண்டும்.

எனினும் இதனைச் சமூக இணக்கத்தின் பொற்காலமாகச் சித்திரிப்பது தவறு. சித்திரகாரன் நிலவுடைமைச் சமூகத்தின் சேவையாளன். சாதியாலும் இராசகாரியக் கடமையாலும் கட்டுண்டவன். நிலத்துக்கு ஈடாகத் தொழில் செய்தவன். 1832 இல் இராசகாரியம் ஒழிந்தபோது அக்கட்டுத் தளர்ந்தது. அதனோடு அவனுடைய வாழ்வாதாரமும் தளர்ந்தது. பின்னர் இறக்குமதியான வண்ணங்கள், விளாம்பிசின் பற்றிய அறிவையே தேவையற்றதாக்கின. திருப்பணி என்ற பெயரால் பழஞ்சுவர்கள் மறைக்கப்பட்டன. மஞ்சுசிறி பிரதி செய்தவற்றுட் சில இன்று அவர் தாளில் மட்டுமே வாழ்கின்றன.

இவ்விடத்தில் நம்மை நோக்கியே ஒரு வினாவை எழுப்புதல் கடன். நமது கோயில்களின் வாகனங்கள், தேர்ச்சிற்பங்கள், திரைச்சீலைகள் ஆகியவற்றின் வண்ணவேலையைப் பிரதி செய்து வைத்தோர் எத்தனை பேர்? ஒவ்வொரு கும்பாபிடேகத்தின்போதும் எனாமல் பூச்சின் கீழ் எது மறைகிறது என்று குறிப்பெடுத்தோர் யார்? உடப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் பதினெட்டு நாள் விழா நடந்து தீமிதிப்போடு நிறைவெய்துகிறது. அவ்விழாவின் சடங்குகளைப் பற்றிப் பேசுவோர் உளர். அதற்கு வண்ணம் தீட்டுவோர், மரம் செதுக்குவோர், அலங்காரம் செய்வோர் ஆகியோரின் தொழிலறிவும் அதே கவனத்திற்குரியது.

இதற்குப் பெருநிதியோ பெருநிறுவனமோ முன்நிபந்தனையன்று. பல்கலைக்கழக மாணவர் தம் கிராமத்துக் கோயிலொன்றைத் தேர்ந்து, அளவெடுத்து, வண்ணங்களைக் குறித்து, முதிய தொழிலாளரிடம் பொருள்களின் பெயர்களையும் கலவை முறைகளையும் கேட்டு எழுதலாம். நிழற்படம் எளிதாகிவிட்ட இக்காலத்திலும் கையால் வரைந்து பார்த்தல் அவசியமே. வரைபவன் காண்பதை ஒளிப்படக் கருவி காண்பதில்லை. தனியொரு துறவி தாளும் தூரிகையும் கொண்டு தொடங்கிய வேலை அது. அடுத்த திருப்பணி தொடங்குமுன் நாமும் அதனைத் தொடங்குதல் வேண்டும்.