விசா தேதி வேறு, தங்கும் தேதி வேறு

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் அப்பா அம்மாக்கள் பாஸ்போர்ட்டைப் பிரித்து விசாவைக் காட்டி, "பத்து வருஷத்துக்குக் குடுத்திருக்கான்" என்பார்கள். அந்தப் பத்து வருடம், அந்த நாட்டு வாசலில் போய் நின்று அனுமதி கேட்பதற்கான கெடு. உள்ளே போனபின் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விசா சொல்லாது. விமான நிலையத்தில் இமிகிரேஷன் அதிகாரிதான் அதைத் தீர்மானிக்கிறார். அவர் கொடுக்கும் தேதி ஐ-94 என்ற பதிவில் ஏறுகிறது. பி-2 சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் கிடைக்கும். குறைத்துக் கொடுக்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு.

இந்தத் தேதியைப் பார்க்காமலே மாதக்கணக்கில் இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் பதறுகிற குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். தன்னுடைய எச்-1பி தாளை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கும் மகன், பெற்றோரின் ஐ-94ஐ ஒரு தடவைகூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார். டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்டுகளும் இதைச் சொல்வதில்லை. முன்பெல்லாம் ஒரு வெள்ளை அட்டையைப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தருவார்கள். விமானப் பயணிகளுக்கு அது 2013இல் நின்றுபோனது. இப்போது பல விமான நிலையங்களில் முத்திரைகூடக் குத்துவதில்லை. கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லாததால், அப்படியொரு தேதி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

போய்ச் சேர்ந்த இரண்டு மூன்று நாளுக்குள், தூக்கக் கலக்கம் தெளிந்ததும், இதைச் செய்துவிடுங்கள். சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறையான சி.பி.பி.யின் இணையதளத்தில் ஐ-94 பக்கம் இருக்கிறது. முகவரி 'டாட் ஜி.ஓ.வி.' என்று முடிகிறதா என்று பாருங்கள். அதே போலத் தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் உண்டு. பதிவைப் பார்க்கவும் அச்செடுக்கவும் அரசு ஒரு காசு வாங்குவதில்லை. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், பாஸ்போர்ட் கொடுத்த நாடு ஆகியவற்றைக் கொடுத்தால் பதிவு வந்துவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்குத்தான் இந்த இடத்தில் சிக்கல் வருகிறது. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும். முழுப்பெயரும் 'கிவன் நேம்' கட்டத்திலேயே இருக்கும். அமெரிக்க விசாவில் அந்த முழுப்பெயரையும் சர்நேமாகப் போட்டுவிட்டு, முதல் பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் 'எஃப்.என்.யு.' என்ற மூன்று எழுத்தை அடுத்த கட்டத்தில் அச்சடித்திருப்பார்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்படியே டைப் செய்தால் 'பதிவு இல்லை' என்று வரக்கூடும். உடனே பயந்துவிட வேண்டாம். விசாவில் உள்ளபடி முழுப்பெயரைச் சர்நேம் கட்டத்திலும் எஃப்.என்.யு.வை முதல் பெயர் கட்டத்திலும் போட்டுப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். பாஸ்போர்ட் எண்ணில் சைபருக்குப் பதில் 'ஓ' அடித்திருக்கிறீர்களா என்பதையும் கவனியுங்கள்.

கணவருக்குத் தனிப் பதிவு, மனைவிக்குத் தனிப் பதிவு. ஒரே கவுன்ட்டரில் சேர்ந்து நின்றிருந்தாலும் இருவருக்கும் ஒரே தேதிதான் விழுந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டையும் அச்செடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: பெயரும் பிறந்த தேதியும் சரியா, பிரிவு பி-2 என்று இருக்கிறதா, எந்தத் தேதி வரை தங்க அனுமதி. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மறுபடியும் சொல்கிறேன், விசாவில் உள்ள தேதியை அல்ல.

பதிவில் பிழை இருந்தால் சி.பி.பி.யின் 'டெஃபர்ட் இன்ஸ்பெக்‌ஷன்' அலுவலகத்தை அணுக வேண்டும். பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் அது உண்டு, பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. சில அலுவலகங்கள் மின்னஞ்சலிலேயே திருத்தித் தருகின்றன. பாஸ்போர்ட் முதல் பக்கம், விசா பக்கம், ஐ-94 அச்சு, வந்த விமானத்தின் விவரம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ஆனால் அங்கே திருத்துவது பிழையை மட்டும்தான். அதிகாரி தெரிந்தே குறைத்துக் கொடுத்ததைக் கூட்டித் தரச்சொல்லி அங்கே போய் நிற்பதில் பயனில்லை.

கூடுதல் நாள் வேண்டுமானால் போக வேண்டிய துறையே வேறு. யு.எஸ்.சி.ஐ.எஸ். என்ற குடியேற்றத் துறைக்கு ஐ-539 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கெடுவுக்குக் குறைந்தது 45 நாள் முன்பே போட்டுவிடுங்கள் என்பது அந்தத் துறையின் அறிவுரை. கணவர் போடும் விண்ணப்பத்திலேயே மனைவியையும் சேர்க்கலாம். காகிதத்தில் அனுப்பினால் அவருக்கென்று ஐ-539ஏ தாளும் அவர் கையெழுத்தும் வேண்டும். ஏன் தங்க வேண்டும், செலவுக்கு யார் பொறுப்பு, எப்போது ஊர் திரும்புவீர்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்கட்டும். மருத்துவக் காரணம் என்றால் டாக்டர் கடிதம் சேருங்கள். கெடு தேதிக்குள் விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் தபாலில் போட்ட தேதி கணக்கில் வராது.

"ஒரு வாரம்தானே" என்று அலட்சியமாக இருக்காதீர்கள். கெடுவைத் தாண்டி ஒரு நாள் தங்கினாலும் அந்தப் பத்து வருட விசா செல்லாததாகிவிடும். புதிதாக விண்ணப்பித்து நேர்காணலுக்கு நிற்க வேண்டும். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடமும், ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் பத்து வருடமும் உள்ளே வரத் தடை. பேரனின் பிறந்தநாளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தங்கி, அவனைப் பார்க்கவே முடியாமல் போவது எவ்வளவு கொடுமை!

அடுத்தது உடம்பு. மகனின் அலுவலக இன்ஷூரன்ஸில் பெற்றோருக்குப் பொதுவாக இடமில்லை. பாலிசி எடுத்திருந்தாலும் சர்க்கரை, பிரஷர், இதய நோய் போல ஏற்கெனவே இருப்பவற்றுக்குப் பல பாலிசிகளில் முழுப் பாதுகாப்பு கிடையாது. நிலைமை திடீரென்று மோசமானால் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள், கொடுப்பார்கள். அந்தப் பத்தியை முதல் வாரமே பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். சளி, காய்ச்சல், சின்னக் காயத்துக்கு 'அர்ஜென்ட் கேர்' போதும், எமர்ஜென்சி வார்டின் பில் பல மடங்கு. ஆனால் நெஞ்சு வலித்தால் பணத்தை நினைத்துத் தயங்காமல் 911ஐ அழையுங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்க வேண்டியது எமர்ஜென்சி பிரிவின் கடமை. பில் பின்னால் வரும். வந்ததும் இனவாரியான பில் கேளுங்கள். லாபநோக்கற்ற மருத்துவமனையாக இருந்தால் நிதியுதவி விண்ணப்பத்தையும் கேளுங்கள், அப்படியொரு திட்டம் அங்கே இருந்தாக வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் வராவிட்டால் "டமில் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்" என்ற மூன்று சொல்லைப் பழக்கிவிடுங்கள். அரசு நிதி பெறும் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர் போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பிறகு நீங்கள் தங்கியிருக்கும் மாநிலத்தைக் கவனிக்கும் இந்தியத் துணைத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். அவசரமாக ஊர் திரும்ப 'எமர்ஜென்சி சர்டிஃபிகேட்' கிடைக்கும். இந்தியாவுக்கு வர மட்டும்தான் அது செல்லும். தொலைந்த விசாவை அமெரிக்காவுக்குள்ளேயே மறுபடி வாங்க முடியாது. அதனால் பாஸ்போர்ட், விசா, ஐ-94 மூன்றின் நகலையும் வேறொரு பையில் வையுங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

இதைப் படிக்கும்போது உங்கள் அப்பா அம்மா அங்கே இருந்தால், இன்று இரவுக்குள் அந்த இரண்டு ஐ-94களையும் எடுத்துப் பாருங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.