பால்வாடித் தட்டும் தண்ணீர்க் குவளையும்

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்து மூன்று நடக்கிறது என்றால் காலனி வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். “பால்வாடியில விட்டுடலாமா, இன்னும் ஒரு வருஷம் போகட்டுமா?” களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற அம்மாவுக்கு இது அவசரமான கேள்வி. பாட்டிக்கு முழங்கால் வலி. ஓடுகிற பிள்ளையின் பின்னால் அவரால் ஓட முடியாது. கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்து, தலைவாரி, பொட்டு வைத்து, பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

சொந்தபந்தம் அல்லாதவர்களின் நடுவே ஒரு குழந்தை தனியாகப் போய் உட்காரும் முதல் இடம் பால்வாடி. அங்கே அதற்கு என்ன நடக்கிறது என்பதைச் சின்ன விஷயமாக நாம் விட்டுவிட முடியாது.

முதல் வாரம் அழுகைதான். இரண்டாவது வாரம் வாசல்வரை அழுகை, உள்ளே போனதும் விளையாட்டு. ஒரு மாதத்தில் பிள்ளை வேறு ஆளாகிவிடும். சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கும். பாதி வார்த்தை விழுங்கி, கையை ஆட்டிப் பாட்டுப் பாடும். பெயர் என்ன என்று கேட்டால் முழுப் பெயரையும் சொல்லும். சிறுநீர் வந்தால் முன்கூட்டியே சொல்லப் பழகும். எழுத்தறியாத பாட்டிகூடத் தெருவில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படும் வளர்ச்சி இது.

தானம் அல்ல, உரிமை

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2ஆம் தேதி. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள் வரை இருக்கின்றன. ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயதுக் குழந்தை வரை அங்கன்வாடி வழியாக இலவச உணவு பெறுவதை, 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. இரண்டு வயது நிரம்பிய பிள்ளைக்கு நம் மாநிலத்தில் சூடான மதிய உணவும் வாரத்தில் மூன்று முட்டையும் உண்டு. மாதந்தோறும் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்க வேண்டும். பச்சைக் கட்டத்தில் புள்ளி விழுந்தால் சரியான எடை. மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த அட்டையைக் கேட்டுப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

மையம் எந்தப் பக்கம் இருக்கிறது?

பல கிராமங்களில் மையம் ஊரில் இருக்கிறது. காலனி, தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம். பெரியவர்களுக்குப் பத்து நிமிட நடை. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அது லாரியும் பேருந்தும் போகிற சாலை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவருவது, நாம் ஆயா என்று கூப்பிடும் உதவியாளரின் வேலைகளில் ஒன்று. ஊர்த்தெரு முழுக்கச் சுற்றி வரும் சில ஆயாக்கள் காலனிக்குள் கால் வைப்பதில்லை. அம்மா வேலைக்குப் போகும் நாளில் கொண்டுவிட ஆள் இல்லாமல் பிள்ளை வீட்டிலேயே நின்றுவிடுகிறது. பதிவேட்டில் பெயர் இருக்கும், தட்டில் சோறு இருக்காது.

மையம் காலனியில் இருந்தால் வேறொரு கதை. ஊர்ப் பிள்ளைகள் வருவதில்லை. சத்துமாவு கொடுக்கும் நாளில் மட்டும் பெரியவர்கள் வந்து, வாசலில் நின்றே பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள். மாவுக்கு இல்லாத தீட்டு, அங்கே சமைத்த சோற்றுக்கு மட்டும் எப்படி வந்தது?

உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13ஆம் தேதி பிறப்பித்த உத்தரவு ஒன்றை நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கோரிக்கை வைத்தால், மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும். புதிய மையங்கள் அமைப்பதில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது. கோரிக்கை வைக்க வேண்டியது நாம்தான்.

பிள்ளையால் சொல்ல முடியாதது

பள்ளிக்குச் சாக்குத்துணி கொண்டுபோய் அதில் உட்கார்ந்ததையும், பியூன் ஊற்றினால்தான் தண்ணீர் குடிக்க முடிந்ததையும் பாபாசாகேப் அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அது சாத்தாராவில், நூறாண்டுக்கும் முன்பு நடந்தது. பள்ளிச் சிறுவனாக இருந்ததால் அவருக்கு அது நினைவில் நின்றது. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு நடப்பது நினைவிலும் நிற்காது, அதைச் சொல்ல வார்த்தையும் இருக்காது. உடம்பு மட்டும் பழகிக்கொள்ளும். எங்கே உட்காருவது, எந்தக் குவளையைத் தொடக் கூடாது, யார் மடியில் ஏறக் கூடாது என்று அது கற்றுக்கொண்டுவிடும். ‘அ, ஆ’ படிப்பதற்கு முன்பே சாதியைப் படித்துவிடும்.

இந்த வயதில் பாகுபாடு பெரும்பாலும் தொடுதலில் இருக்கிறது. மூக்கு ஒழுகினால் யார் துடைக்கிறார்கள்? மலம் கழித்தால் யார் கழுவிவிடுகிறார்கள்? அழுதால் தூக்குகிறார்களா, அல்லது தூர நின்று அதட்டுகிறார்களா? பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, “காலனிப் பிள்ளை” என்கிறார்களா? எல்லாப் பிள்ளையையும் சொந்தப் பிள்ளையாக இடுப்பில் தூக்கிவைத்துச் சோறூட்டும் பணியாளர்களும் உதவியாளர்களும் நிறைய பேர் இருக்கிறார்கள். குறைந்த ஊதியத்தில் அவர்கள் செய்வது பெரிய வேலை. அவர்களைப் பாராட்டவும், அப்படி இல்லாதவர்களைக் கேள்வி கேட்கவும் இந்தச் சின்ன விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும்.

நான் போய்வரும் கிராமம் ஒன்றில், சில தட்டுகளின் அடியில் மட்டும் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருந்தார்கள். தண்ணீர் எடுக்கப் போன ஓர் அம்மாதான் அதைக் கண்டுபிடித்தார். தனியாகச் சண்டை போடவில்லை. மறுநாள் ஐந்து அம்மாக்கள் சேர்ந்து போனார்கள். “ஊர்க்காரங்க கேப்பாங்கம்மா, நான் என்ன செய்ய?” என்றார் டீச்சர். “அவங்க கேட்டா எங்களக் கூப்பிடுங்க, நாங்க பதில் சொல்றோம்” என்றார்கள் இவர்கள். வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு மனு போனது. விசாரணைக்கு வந்த மேற்பார்வையாளர் முன்னிலையில் புள்ளி வைத்த தட்டுகள் மாற்றப்பட்டன. இப்போது எல்லாத் தட்டுகளும் ஒரே அடுக்கில் இருக்கின்றன.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி, கல்வி நிலையத்துக்குள் நுழைவதைத் தடுப்பது குற்றம். பொது இடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் எழுந்த பிறகு அந்த இடமாற்றம் ரத்தானது, எதிர்த்தவர்கள் மீது இந்தச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. கேட்பவர்கள் இருந்ததால் நடந்தது அது.

வேனில் ஏறும் பிள்ளைகள்

கடன் வாங்கியாவது தனியார் நர்சரியில் சேர்க்கும் குடும்பங்கள் காலனியில் பெருகிவருகின்றன. ஆங்கிலம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. “அங்க யாரும் எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்க சார்” என்றார் ஒரு கட்டடத் தொழிலாளி. அந்த வார்த்தையில் இருக்கும் வலி நியாயமானது. ஆனால் வட்டி கட்ட முடியாமல் ஆண்டு நடுவில் நிறுத்தப்படும் பிள்ளைகளையும் பார்க்கிறோம். நம் பிள்ளைகள் எல்லோரும் வேனில் ஏறிவிட்டால், வேனுக்குப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்காகப் பால்வாடியில் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

பெற்றோர் செய்யக்கூடியது இது. பிள்ளை வந்ததும் “என்ன சாப்பிட்ட?” என்பதோடு நிறுத்தாமல், “யார் பக்கத்துல உக்காந்த? தண்ணி யாரு குடுத்தா? கை யாரு கழுவிவிட்டா?” என்று விளையாட்டாகக் கேளுங்கள். மாதம் ஒருமுறை, சொல்லாமல் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். குறை கண்டால் நாலைந்து பேராகப் போங்கள், எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் காலனியில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கணக்கெடுங்கள். ஓர் ஞாயிற்றுக்கிழமை போதும். மையம் இல்லாத இடத்தில் எண்ணிக்கை 40ஐத் தொட்டால் மனுவைத் தயார் செய்யுங்கள். அக்டோபர் 2 கிராமசபைக் கூட்டம் நடக்கும் நாள்; அங்கன்வாடித் திட்டம் தொடங்கிய நாளும் அதுதான். அன்றைக்கு அந்தக் கணக்கைக் கூட்டத்தில் வாசித்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.