பகிர்ந்து பெறும் விரைவு

ஒரு வகுப்பிலே நாற்பது மாணவர் இருக்கின்றனர். பாடநூலோ ஒரே ஒரு பிரதிதான் வந்திருக்கின்றது. அதனை நாற்பது பேரும் படியெடுத்தல் வேண்டும். ஆசிரியர் நூலைத் தம் மேசைமீது வைத்து, ஒவ்வொருவராக வந்து எழுதிச் செல்லுமாறு பணிப்பாராயின், நாற்பதாம் மாணவன் தவணை முடியுமட்டும் தன் முறைக்குக் காத்திருக்க நேரும். மாறாக, நூலின் தையலைப் பிரித்து ஆளுக்கொரு தாளாகக் கொடுத்து, எழுதி முடித்தவர் தம்மிடமுள்ள தாளைப் பிறருக்குக் காட்டிப் பிறரிடமுள்ளதைத் தாம் பார்த்தெழுதுமாறு செய்வாராயின், ஓரிரு நாளில் அனைவரிடமும் முழு நூலும் இருக்கும். முதல் முறையில் ஆட்டொகை பெருகத் தாமதம் பெருகும்; இரண்டாம் முறையில் ஆட்டொகை பெருகத் துணைக்கரமும் பெருகும்.

இணையத்தில் நாம் வழக்கமாகக் கோப்புகளைப் பெறுவது முதல் முறையை ஒத்தது. எங்கோ ஒரு பெருங்கணினி இருக்கின்றது. அதன் வாசலில் எல்லோரும் வரிசையில் நிற்கின்றோம். இரண்டாம் முறையைத் தழுவியதே, ஆங்கிலத்திற் 'பீயர் டு பீயர்' என வழங்கும் ஒப்போர் வலையமைப்பு. இங்கே பெறுபவன் வேறு, கொடுப்பவன் வேறு என்ற பேதம் இல்லை. ஒவ்வொரு கணினியும் ஒரே வேளையில் மாணவனும் ஆசிரியனும் ஆகின்றது.

இம்முறையைப் பொதுமக்கள் அறியச் செய்தது 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய நெப்ஸ்டர் என்னும் சேவை. ஆயினும், எவரிடம் எக்கோப்பு உண்டு என்ற அட்டவணையை அது தன் நடுநிலையத்திலேயே வைத்திருந்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் தொடுத்த வழக்கினால் 2001இல் அந்நிலையம் மூடப்பட்டதும் வலையமைப்பு முழுவதும் ஓய்ந்தது. அதே 2001இல் பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் பிட்டொரெண்ட் என்ற ஒழுங்குமுறையை வெளியிட்டார். கோப்பினைச் சிறு துண்டங்களாகப் பிரித்து, அத்துண்டங்களைப் பெறுவோர் தமக்குள் மாற்றிக்கொள்ளும் முறை அது. நாம் மேலே கண்ட வகுப்பறை அதுவே. இன்று பேச எடுத்துக்கொண்டது, அம்முறையில் விரைவு பெறும் வழி யாது என்பதாகும்.

இவ்வினா எமக்கு எழுந்த விதத்தைச் சொல்லிவிடுகின்றேன். எமது பாடசாலைக் கணினிக் கூடத்திலுள்ள பொறிகள் பழையன. அவற்றுக்கு விலைகொடுத்து மென்பொருள் வாங்க இயலாமையால், உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை இட முடிவு செய்தோம். அஃது ஐந்து கிகாபைட்டுக்கும் மேற்பட்ட கோப்பு. வழக்கமான முறையில் இறக்க முயன்றபோது இருமுறை இடைநடுவே அறுந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பின்னர் அதனையே டொரெண்ட் வழியாகத் தொடங்கினோம். அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற வசதி கிட்டியது. ஆனால் வேகமோ நத்தையின் வேகம். கடலடி வடத்திற் பழுதோ என்று சிலர் ஐயுற்றனர்.

இவ்வையம் நம்மூரில் இயல்பானதே. தெஹிவளைக்கு அடுத்த கல்கிசைக் கரையிலேதான், ஜெர்மனியிலிருந்து யப்பான், கொரியா, அவுஸ்திரேலியா வரை நீண்ட சீ-மீ-வீ 3 என்னும் வடம் இலங்கையைத் தொட்டது. அவ்வடம் 2024ஆம் ஆண்டின் இறுதியோடு ஓய்வு பெற்றது; அதனினும் பன்மடங்கு கொள்ளளவுடைய வடங்கள் இன்று நாட்டை இணைக்கின்றன. ஆதலின் நெருக்கடி கடலடியில் அன்று. பெரும்பாலும் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றது. அதனைக் காண்போம்.

முதலாவது, கணக்கைச் சரியாகப் போடுதல். நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட் அளவிற் சொல்லும்; கணினித் திரையோ மெகாபைட் அளவிற் காட்டும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே செக்கனுக்கு 20 மெகாபிட் என்ற தொடுப்பு, திரையில் 2.5 மெகாபைட்டாகவே தோன்றும். ஐந்து கிகாபைட் கோப்பு அத்தொடுப்பில் வந்து சேர அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். இந்த எல்லையை எந்த உபாயத்தாலும் கடக்க இயலாது. எல்லைக்குள் நாம் இழக்கும் வேகத்தை மீட்பதே நம்மால் ஆவது.

இரண்டாவது, கொடுத்தல். பிட்டொரெண்ட் முறையின் உயிர்நிலை இதுவே. ஒவ்வொரு கணினியும் தனக்கு எவர் விரைந்து தருகின்றனர் என்பதை ஏறத்தாழப் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை கணக்கிட்டு, அவ்வாறு தரும் சிலருக்கே தானும் தருகின்றது. கோஹன் 2003இல் எழுதிய கட்டுரையில் இத்தொகையை நான்கு என்று குறித்துள்ளார். புதிதாய் வந்தவன் கொடுப்பதற்கு ஏதுமின்றி நிற்பான் அன்றோ? அவனுக்காக முப்பது செக்கனுக்கு ஒருமுறை, குலுக்கிப் போட்டாற்போல எவரேனும் ஒருவருக்குக் கைம்மாறு கருதாது வழிதிறக்கும் ஏற்பாடும் உண்டு. அவ்வாறு கிட்டிய முதற்றுண்டமே அவனது முதலாகின்றது. ஆகவே, 'நான் பெறுவேன். கொடுக்கமாட்டேன்' என்று அனுப்பும் வேகத்தைச் சுழியத்துக்கு அருகே குறைத்து வைப்பவர், பிறர் இரங்கித் தரும் துண்டங்களையே நம்பியிருக்க வேண்டியவர் ஆவர். கஞ்சத்தனத்துக்குத் தண்டனை தாமதம்.

எங்கள் கூடத்திலும் நிகழ்ந்தது இதுவே. அனுப்பும் அளவு மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்ட இளம் ஆசிரியர் ஒருவர், எல்லையை முற்றாக நீக்கிவிட்டார். சிறிது நேரம் வேகம் ஏறிற்று. பின் முன்னிலும் கீழாக வீழ்ந்தது. அலுவலகக் கணினியில் மின்னஞ்சல்கூடத் திறக்கவில்லை.

காரணம் எளிது. இணையத்தில் ஒவ்வொரு பொதி வந்து சேர்ந்ததும், 'கிடைத்தது' என்று ஒரு பற்றுச்சீட்டு அனுப்புநருக்குத் திரும்பிச் செல்லுதல் வேண்டும். அது வராதவிடத்து அனுப்புநர் அடுத்த பொதியைத் தாமதிப்பார். பல வீட்டுத் தொடுப்புகளிற் பெறும் பாதை அகன்றும் அனுப்பும் பாதை ஒடுங்கியும் இருக்கின்றன. ஒடுங்கிய பாதை முழுவதையும் நம் துண்டங்களே அடைத்துக்கொண்டால், பற்றுச்சீட்டுகள் வரிசையிற் பின்தங்கும். அகன்ற பாதை வெறுமையாய்க் கிடக்கும். ஆகவே, முதலில் தொடுப்பின் உண்மையான அனுப்பும் வேகத்தை அளந்து, அதில் ஐந்தில் நான்கு பங்கை எல்லையாக வைத்தல் அனுபவமுடையோர் கூறும் விதி. கொடுக்கவும் வேண்டும், மூச்சுவிட இடமும் வேண்டும். 2012இல் இணையப் பொறியியலாளர் வெளியிட்ட லெட்பாட் என்னும் நெறி, பிற போக்குவரத்து மிகும்போது தானே ஒதுங்கி வழிவிடும். இன்றைய டொரெண்ட் மென்பொருள்கள் பலவற்றில் இவ்வகை ஏற்பாடு உண்டு. அதனை அணைத்து வைத்தல் ஆகாது.

மூன்றாவது, கதவைத் திறந்து வைத்தல். வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து தானாக வரும் அழைப்புகளை உள்ளே விடுவதில்லை. இது காவலுக்கு நன்று. ஆனால் இவ்வலையமைப்பில், கதவடைத்த இருவர் ஒருவரையொருவர் எளிதில் அடைதல் இயலாது. கதவு திறந்தவரை மட்டுமே அவர்கள் நாடலாம். நமது மென்பொருள் பயன்படுத்தும் ஒரே ஒரு வாயிலை ரவுட்டரிற் குறித்துத் திறந்துவிட்டால், நம்மோடு பேசக்கூடியோர் தொகை பெருகும். ரவுட்டரின் காவலை முழுவதும் நீக்குதல் கூடாது. கைத்தொலைபேசி வழியான தொடுப்புகள் பலவற்றில், ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டிருப்பதால் இது கைகூடாது. அத்தகையோர் கம்பிவழித் தொடுப்புள்ள இடத்தை நாடுதல் நலம்.

நான்காவது, அளவறிதல். பத்துக் கோப்புகளை ஒருங்கே தொடங்கினால், நாம் கொடுக்கும் சிறு வேகம் பத்துக் கூட்டங்களிற் சிதறிப்போகும். எக்கூட்டத்திலும் நாம் நல்ல கொடையாளராகத் தோன்றமாட்டோம். ஒன்றிரண்டாக முடித்தல் விரைவானது. ஆயிரம் இணைப்புகளைத் திறந்தால் மலிவான ரவுட்டர் திணறி நின்றுவிடும். இருநூறளவிற் கட்டுப்படுத்தல் போதுமானது. இயன்றவிடத்து வைஃபையை விடுத்துக் கம்பியால் இணைத்தலும் பயன் தரும். ஒரே கோப்பு பல இடங்களிற் கிடைக்குமாயின், முழுப் பிரதி வைத்திருப்போர் மிகுந்த கூட்டத்தையே தெரிதல் வேண்டும். அனுப்பும் தரவும் மாதாந்த அளவிற் கணக்காகுமா என்பதைத் தத்தம் நிறுவனத்திடம் கேட்டறிந்த பின்னரே தொடங்குக.

ஐந்தாவது, அயலாரிடம் பெறுதல். எமது கூடத்தில் இருபது கணினிகளுக்கும் அக்கோப்பு வேண்டியிருந்தது. இருபதும் தனித்தனியே கடல் கடந்து சென்று பெற முயல்வது வீண். ஒரே கூடத்துக்குள் உள்ள கணினிகள் ஒன்றையொன்று கண்டறியும் வசதி டொரெண்ட் மென்பொருள்கள் பலவற்றில் உண்டு. ஒரு கணினி பெற்ற துண்டத்தை அடுத்த கணினி கூடத்துக் கம்பி வழியாகவே பெறும். வெளித்தொடுப்புக்குச் சுமை இல்லை. நாங்கள் இவ்வாறு செய்தபோது, முதற்கணினி முடித்த சிறிது நேரத்தில் ஏனையவும் முடித்தன. அன்று பிற்பகலே பிள்ளைகள் அப்பொறிகளில் அமர்ந்து தமிழில் தட்டெழுதத் தொடங்கினர்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். முறை நேரியது; ஆனால் முறையால் வரும் பொருள் எல்லாம் நேரியதாகிவிடாது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோன் வாழ்நாளும் அதன் பின் எழுபது ஆண்டும் அவர் ஆக்கத்துக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. புதிய திரைப்படத்தை இவ்வழியிற் பெறுபவர், பெறும்போதே பிறருக்கும் வழங்குகின்றார் என்பதை மறத்தலாகாது. அத்துடன், விலைக்கு விற்கும் மென்பொருளை இலவசம் எனக் காட்டும் கோப்புகளில் நச்சுநிரல் ஒளிந்திருப்பதும் உண்டு. ஒவ்வொரு துண்டத்துக்கும் ஒரு கணித முத்திரை உண்டு. வந்த துண்டம் அம்முத்திரையோடு ஒவ்வாவிடின் கணினி அதனைத் தள்ளிவிடும். ஆயின், அம்முத்திரை துண்டம் பழுதின்றி வந்ததற்கே சான்று. தந்தவரின் நேர்மைக்குச் சான்று அன்று. உபுண்டு, லிப்ரே ஓபிஸ் போன்றவற்றை ஆக்கியோரே டொரெண்ட் கோப்புகளை வெளியிடுகின்றனர். இன்டர்நெட் ஆர்கைவ் என்னும் எண்ணிம நூலகமும் 2012 முதல் தன் சேகரத்தை இவ்வழியில் வழங்கி வருகின்றது. அத்தகைய மூலங்களையே நாடுக.

இறுதியாக ஒன்று. நம் வகுப்பறை உவமைக்கு மீண்டும் வருவோம். எல்லா மாணவரும் முதற்றாளையே முதலில் எழுத முந்துவராயின் என்னாகும்? முதற்றாளுக்கு நாற்பது பிரதி. கடைசித் தாளுக்கு ஆசிரியரிடமுள்ள ஒன்றே ஒன்று. ஆசிரியர் வீடு சென்றுவிட்டால் அந்நூல் எவரிடமும் முழுமை பெறாது. இதனைத் தவிர்க்கவே, கூட்டத்தில் மிக அரிதாயுள்ள துண்டத்தை முதலில் தேடிப் பெறுமாறு பிட்டொரெண்ட் முறை விதித்துள்ளது. அரியது பலர் கைக்கு வந்து எளியதாகின்றது. மூலவர் விலகினும் நூல் பிழைக்கின்றது. 99 விழுக்காட்டிற் பல நாள் நின்றுவிடும் கோப்புகளை நேயர்கள் கண்டிருப்பீர்கள். எஞ்சிய ஒரு துண்டத்தை வைத்திருந்தவர் தம் கோப்பு நிறைந்ததும் கணினியை அணைத்துச் சென்றதன் விளைவு அது.

இவ்விதியின் பொருளை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. அச்சிட்ட பொதுநூல்களை மீண்டும் வாங்கிவிடலாம். ஒரே பிரதியாய் இருந்த ஏட்டுச் சுவடியை எவரிடம் வாங்குவது? 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் ஆவணங்களை ஓர் இலட்சத்துக்கும் மேலாகத் திரட்டி எவரும் இலவசமாகப் படிக்க வைத்துள்ளது. அஃது ஒப்போர் வலையமைப்பு அன்று. எனினும் அரியதைப் பலர் கையில் எளியதாக்கும் நோக்கம் ஒன்றே.

ஆகவே நேயர்களே, கோப்பு நூறு விழுக்காடு நிறைந்ததும் உடனே அணைத்துவிடாதீர்கள். பெற்ற அளவேனும் திருப்பிக் கொடுக்குமட்டும் கணினி இயங்கட்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள இன்னொரு பாடசாலை அதே கோப்பை நாளை தேடக்கூடும். அதற்குக் கடல் கடந்து செல்ல வேண்டாது, உங்கள் கணினியே அருகிருந்து விடைசொல்லும். அப்பொழுது அவர்கள் பெறும் விரைவு நீங்கள் கொடுத்தது. நீங்கள் பெற்ற விரைவும் முன்பின் அறியாத எவரோ இவ்வாறு காத்திருந்து கொடுத்ததே.