கிரகணம் சரி, அஷ்டமி தப்பு

2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். இல்லை, 2026 மார்ச் 6தான் என்றது வாக்கியம். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தின் பக்கம் நின்றது. பரிகாரம் விற்பவர்களுக்கு இரட்டை வசூல்.

‘இருப்பது ஒரே சனி, தேதி மட்டும் எப்படி இரண்டு? கிரகணம் ஏறக்குறைய இரண்டிலும் ஒத்துவருகிறதே?’ என்கிறார் பேரையூர் வாசகர் ஒருவர். சனியை ஜோதிடர்களிடமே விட்டுவிடுகிறேன். ருசி இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

வாக்கியப் பஞ்சாங்கம் நிலாவைக் கணிக்கும் சந்திர வாக்கியம் என்பது 248 சிறு தொடர்கள். எழுத்துகளை எண்ணாக்கினால் நிலா இருக்கும் இடம் வரும். நிலா பூமிக்கு மிக அருகே வந்துபோய் மறுபடி அருகே வர 27.55 நாள், ஒன்பது சுற்றுக்கு 248. பிறகு சிறு திருத்தத்தோடு பழைய வரிசையே போதும். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாகவே 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்ததை பிரிட்டிஷ் படை அதிகாரி ஜான் வாரன் எழுதிவைத்தார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52.

சராசரி இடத்திலிருந்து நிலா முன்பின் விலகுவது இந்தக் கணக்கில் அதிகபட்சம் 5 பாகை. அமாவாசை, பௌர்ணமிக்கு அது பொருந்தும். அரைநிலா நாளான அஷ்டமியிலோ ஏழரை வரை போகலாம். காரணம் சூரியன். நிலாப் பாதையின் நீளவாட்டு சூரியனை நோக்கும்போது பாதை இன்னும் நீள்கிறது. குறுக்கே திரும்பினால் வட்டத்தை நெருங்குகிறது. முளைக்குச்சியில் ரப்பர் கயிற்றால் கட்டிய மாடு, தூரத்தில் வைக்கோல்படப்பு என்று வையுங்கள். படப்புப் பக்கம் கயிறு இழுபடும். ஆனால் படப்பு 400 மடங்கு தொலைவில் இருக்க வேண்டும், மாடு நிற்கவே கூடாது, முளைக்குச்சியும் லேசாக ஆட வேண்டும். பாவம், மாட்டை அவிழ்த்துவிடுவோம்.

திருக்கணிதம் சேர்த்துக்கொள்ளும் இந்த இரண்டரைப் பாகையை விட்டுவிட்டால் திதி முடிவது 5 மணி நேரம் வரை முன்பின் மாறும். கிரகணம் விழுவதோ அமாவாசை, பௌர்ணமியில் மட்டும். கிரகணத்தைக் காட்டி ‘முன்னோர் கணக்கு நாசாவுக்கே சவால்’ என்பவர்கள் அஷ்டமியைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

வரலாறும் கொஞ்சம். அரைநிலா நாளின் இந்தக் கூடுதல் விலகல் பழைய வானியலாளர் டாலமிக்குத் தெரியும். 10ஆம் நூற்றாண்டு இந்திய வானியலாளர் மஞ்சுளருக்கும் தெரியும். சூரிய ஈர்ப்பே காரணம் என்றவர் நியூட்டன், 1687இல். ஐரோப்பாவின் அறிவியல் புரட்சி என்று பாடப்புத்தகம் முரசு கொட்டும் பெயர்களில் எனக்குப் பிடித்தவர் வானியலாளர் டைகோ பிராகி: கிரகணமில்லாத நாட்களிலும் நிலவை அளந்துகொண்டே இருந்தார். அதே அளக்கும் பழக்கத்தோடு சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர், பஞ்சாங்கத்தைத் திருத்தவும் இறங்கினார்.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம். இரண்டு பஞ்சாங்கங்களையும் வாங்கி, சில மாதங்களுக்குப் பௌர்ணமியும் அஷ்டமியும் முடியும் நேரங்களைக் கழித்துப் பாருங்கள்.