லயக் காம்பராவுக்கு வரவேண்டிய மருத்துவம்

வாய்ப்புற்றுநோய் முற்றிக் கன்னத்தைத் துளைத்து வெளியே வந்துவிட்டால், தேயிலைத் தோட்டத்து லயத்தில் நோயாளியை முதலில் தனிமைப்படுத்துவது வாடை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. ஊவா மாகாணத்து மலைக்குளிருக்குக் கதவும் சன்னலும் சாத்தியே கிடக்கும். பேரப்பிள்ளைகள் வெளித் திண்ணையான இஸ்தோப்புக்குப் போய்விடுவார்கள். அடுத்த காம்பராக்காரர் எட்டி நின்று விசாரித்துவிட்டுத் திரும்புவார்.

கட்டி வேகமாக வளரும்போது அதன் உட்பகுதிக்கு இரத்தம் போதாமல் போகிறது. இரத்தம் எட்டாத இழையம் சாகிறது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் செழிக்கும் பற்றீரியாக்கள் அங்கே குடியேறி, செத்த இழையத்தின் புரதத்தைச் சிதைக்கின்றன. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இத்தகைய புண்களின் வாடையைப் பகுத்து, டைமீதைல் டிரைசல்பைட்டு என்ற கந்தகச் சேர்வையை அடையாளம் கண்டார்கள். மிக நுண்ணிய அளவில் இருந்தாலே மூக்கு அதைப் பிடித்துவிடும்.

பயிற்சி பெற்ற தாதி இதற்கு எடுக்கும் மருந்து, சீதபேதிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரை. புண்ணை உப்புநீரால் கழுவி, மாத்திரையைப் பொடித்துத் தூவி, சதையில் ஒட்டாத துணியால் கட்டுகிறார். இந்த மருந்து ஒட்சிசனின்றி வாழும் பற்றீரியாவுக்குள் நுழைந்த பிறகே நஞ்சாக மாறுகிறது. நம் உயிரணுக்களை விட்டுவிடுகிறது. சில நாட்களில் வாடை அடங்குகிறது, பேரப்பிள்ளை உள்ளே வந்து உட்காருகிறது. கட்டி குறையவில்லை, ஆயுளும் கூடவில்லை. ஆனாலும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்றால் என்னவென்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கட்டி கழுத்துப் பக்கம் போனால் பெரிய இரத்தக்குழாயை அரிக்கக்கூடும். அதை முன்கூட்டியே கணிக்கும் தாதி, கறுப்பு அல்லது கருஞ்சிவப்புத் துவாய் ஒன்றைப் படுக்கையருகே வைக்கச் சொல்கிறார். இரத்தம் பீறிட்டால் அந்த நிறத்தில் அது பளிச்சென்று தெரியாது. நோயாளியும் வீட்டாரும் அவ்வளவாகப் பயந்துபோக மாட்டார்கள்.

இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். தோட்டத்துப் பெண்களும் தப்புவதில்லை. குளிருக்கும் பசிக்கும் கொழுந்து மலையில் நின்றபடியே போடும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்ந்து பல ஆண்டுகளில் செய்யும் வேலை அது. பாக்கிலுள்ள அரெகோலின் வாயின் உட்சுவரை நாராக இறுக்கிவிடும். சிலருக்கு ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. அவர்களுக்கு வலி மருந்தை எப்படிக் கொடுப்பது?

தோலுக்கடியில் கொடுக்கலாம். மார்பின் மேற்புறத்திலோ மேற்கையிலோ தோலைச் சற்றுக் கிள்ளித் தூக்கி, மெல்லிய ஊசியொன்றைக் கொழுப்புப் படைக்குள் செருகி ஒட்டிவிடுகிறார் தாதி. அங்குள்ள மயிர்த்துளைக் குழாய்கள் மோர்பினை உறிஞ்சிக்கொள்கின்றன. ஊசி சில நாட்கள் அங்கேயே இருக்கலாம், அதன் வழியே மருந்து செலுத்த வீட்டு மருமகளும் பழகிக்கொள்ளலாம். வாயால் 10 மில்லிகிராம் எடுத்தவருக்கு இந்த வழியில் 5 போதும், ஏனெனில் குடலிலிருந்து ஈரலைக் கடக்கையில் அழிந்துபோகும் பங்கு இங்கே மிச்சமாகிறது.

வலி வரும்வரை காத்திருக்காமல் மணிக்கணக்குப்படி மோர்பின் கொடுக்கும் முறையை உலகம் ஏற்கச் செய்தவர் சிசிலி சாண்டர்ஸ். தாதியாகத் தொடங்கிப் பிறகு மருத்துவம் படித்த அவர், 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். மோர்பினோடு மலமிளக்கியும் சேர வேண்டும் என்பது தாதியர் மறக்கக்கூடாத விதி. ஊவாவின் பதுளை மாவட்டத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கிராந்துருகோட்டைப் பக்கம் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவலாக இருக்கிறது. பழுதான சிறுநீரகம் மோர்பினின் கழிவுகளை வெளியேற்றாது. தாளாத தூக்கம் வந்தாலோ கைகால் துடித்தாலோ, அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வேண்டும். அந்த அறிகுறிகளை முதலில் கவனிப்பது பக்கத்தில் இருக்கும் தாதியின் கண்.

வலியின் வகையை அறிய, கேட்கத் தெரிய வேண்டும். “கடுக்குது” என்பவருக்கு மோர்பின் நன்றாக வேலை செய்யலாம். “எரியுது, கரண்டு அடிச்ச மாதிரி இருக்கு” என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, அமிட்ரிப்டிலின் போன்ற வேறொரு மருந்தும் தேவைப்படும். தன் மொழி புழங்காத வார்டில் படுத்திருக்கும் தோட்டத்து அம்மா இதையெல்லாம் சொல்ல மாட்டார். “வலிக்குது” என்பதோடு அடங்கிவிடுவார்.

கடைசி நாட்களில் சிலருக்கு மூச்சு ஆழமாகி, சிறுத்து, அரை நிமிடம் நின்று, மறுபடி தொடங்கும். டப்ளின் மருத்துவர்கள் செய்னும் ஸ்டோக்ஸும் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த முறை இது. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறிய செய்தி மூளைக்குத் தாமதமாகச் சேர்வதால், மூளை அளவுக்கு மீறி மூச்சை முடுக்குகிறது, பிறகு அளவுக்கு மீறி அடக்குகிறது. விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் தேங்கிக் கரகரக்கும். கேட்பவருக்குத்தான் அது வேதனை. நோயாளி பெரும்பாலும் உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் ஓரளவு குறையும். அந்த நேரத்தில் உறவினர் ஒவ்வொருவராகப் பால் ஊற்ற வருவார்கள். ஊற்றிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். நல்ல தாதி அவர்களைத் தடுக்க மாட்டார். பாலில் நனைத்த பஞ்சைக் கையில் கொடுத்து, உதட்டை நனைக்கச் சொல்வார்.

கொழும்பில் வேலை செய்யும் மகன் வந்துசேராவிட்டால், கைப்பேசியைக் காதருகே பிடிக்கச் சொல்வதிலும் அறிவியல் இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வொன்றில், நினைவிழந்து இறப்பை நெருங்கிய சிலரின் மூளை ஒலிகளுக்கு இன்னும் பதில் தருவதை மின்னலைப் பதிவுகள் காட்டின.

பதுளை வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர்களுக்குக் கொழும்பு வரையே ரயில் பாதையில் 292 கிலோமீட்டர். கடைசி வாரங்களில் நோயாளியை எந்தத் தூரமும் அலைக்கழிக்கக்கூடாது. மருத்துவம்தான் அவரிடம் போக வேண்டும். கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் சிறிதாகத் தொடங்கிய அமைப்பு, அயலாரையே தொண்டர்களாக்கி, தாதியரை வீடுவீடாக அனுப்பியது. 2008இல் கேரள அரசு அந்த முறையைத் தன் கொள்கையாக்கியது. இலங்கையும் 2019–2023க்கு ஒரு தேசிய நோய்த்தணிப்புத் திட்டத்தை வகுத்தது. நம் தோட்டங்களில் கர்ப்பிணிகளைத் தேடி மருத்துவிச்சி காம்பரா காம்பராவாக வருகிறார். அதே படிகளில், மோர்பினும் ஊசியும் எடுத்துக்கொண்டு, தமிழ் பேசும் தாதி ஒருவரும் ஏறி வர வேண்டும். பதுளையிலேயே தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. பசறையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் தோட்டத்துப் பிள்ளைகள் இன்னும் கூடுதலாக அங்கே படிக்க வேண்டும். படித்துவிட்டு வரும்போது இந்தக் கைத்திறன்கள் அவர்கள் பாடத்தில் இருந்திருக்க வேண்டும்.